விலாங்கு இல்லாத ஊர்

அந்தப் பாஷையைப் பேசிய எல்லாரும் செத்துப்போனார்கள் என்று வாப்பாவிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது. பகல் சாப்பாட்டின்போது, மீன் ஆணத்தை அவருடைய பீங்கானில் ஊற்றிக்கொண்டே, ஏதோ சுவையான செய்திபோலச் சொல்லிவிட்டேன். சோறு பிசைந்த கை நின்றது.

“ஒருத்தருமா இல்ல?”

“ஒருத்தரும் இல்ல வாப்பா. மவுத்தாகி இருநூறு வருசத்துக்கும் மேல.”

“அப்ப அவடத்த போய் ஆரோட கதைக்கப் போறாய் மகள்?”

என் அண்ணன் அப்ராஸ் காக்காவுக்குச் சிரிப்பில் புரையேறியது. உம்மா அவர் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது நீளமான பதில். சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும்.

அன்று மாலைக்குள் அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வளவிலேயே தனி வீட்டில் இருக்கும் என் அக்கா றிஸ்னா ராத்தாவிடம் போய், அங்கிருந்து தெருவுக்கு இறங்கிவிட்டது. சில நாள் கழித்து நான் பேக்கரியில் பாண் வாங்கப் போனபோது, மையத்துப் பாஷை படிக்கிற புள்ள இவதான் என்று ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

பிணங்களின் பாஷை என்பது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. இன்றைய ஜேர்மனியின் கிழக்கே ஒரு காலத்தில் சிலாவிய மொழிகளைப் பேசிய மக்கள் இருந்தார்கள். ரஷ்ய மொழிக்கும் போலந்து மொழிக்கும் உறவான மொழிகள் அவை. ஜேர்மன்காரர் வந்து குடியேறினார்கள். பிள்ளைகள் இரண்டையும் பேசினார்கள், பேரப்பிள்ளைகள் ஒன்றை மறந்தார்கள். ஒரு மூலையில் ஒரு சிறு கூட்டம் இன்னும் மிச்சம் இருக்கிறது. மற்ற மொழிகள் எல்லாம் ஊர்ப்பெயர்களிலும் மடாலயங்களின் பழைய பத்திரங்களிலும் கிடக்கின்றன. பத்திரம் எழுதியவர்களுக்கு அந்த மொழி தெரியாது. காதில் விழுந்ததைத் தங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைத்தார்கள். அந்த எழுத்துக்குள் இருந்து பழைய ஒலியை வெளியே எடுப்பதுதான் நான் படிக்க ஆசைப்பட்ட படிப்பு.

எப்படி எடுப்பது என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஊர் பஸ்ஸைச் சொல்வேன். பலகையில் அக்கரைப்பற்று என்று எழுதியிருக்கும். கொண்டக்டர் அக்கரப்பத்து என்று கூவுவார். காற்று காத்தாகிறது, நாற்று நாத்தாகிறது. ஒரு சொல்லுக்கு நடப்பது, அதே மாதிரி நிற்கும் மற்றச் சொற்களுக்கும் நடக்கும். ஒலி தன் பாட்டுக்கு மாறுவதில்லை, அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. ஒழுங்கு பிடிபட்டால் வந்த வழியே திரும்பிப் போகலாம்.

நான் இதற்குள் வந்தது நாவல்கள் வழியாக. பள்ளிக்கூடக் காலத்தில் நூலகத்து மொழிபெயர்ப்பு அலுமாரியை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் வாசித்தேன். பனி, குதிரை வண்டி, வெள்ளைப் பட்டை மரங்கள், ரயில் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு போகும் பெண்கள். எங்கள் கல்முனையில் ரயில் இல்லை. எனக்கு அந்த ஜன்னல் வேண்டியிருந்தது. ஒரு நாவலில் எல்பே என்று ஒரு ஆறு வந்தது. வேறொன்றில் லாபா என்று ஒரு ஆறு. இரண்டும் எனக்கு இரண்டு ஆறுகளாகவே பல வருசம் ஓடின. கம்பஸில் மொழியியல் படித்தபோதுதான் இரண்டும் ஒரே ஆறு என்று தெரிந்தது. பழைய பெயரின் முன்னால் நின்ற உயிரும் அதன் பின்னால் நின்ற லகரமும் சிலாவியர் வாயில் இடம் மாறியிருக்கின்றன. அந்த ஒரு சொல்லில் மட்டுமல்ல, அந்த வடிவத்தில் இருந்த எல்லாச் சொற்களிலும். வாசித்த அன்று நான் கிளாசை விட்டு வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

வீட்டில் இதை விளக்க முடியவில்லை. ஜேர்மன் படிக்கிறாள் என்றுதான் அவர்களுக்குப் பிடிபட்டது. எதிர்வீட்டு சுஹறா மாமி உடுப்புக் கழுவும் மெஷினின் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது போலந்து மொழி. தெரியாது என்றேன். வாசிக்கத் தெரியாதவளுக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்டுவிட்டுப் போனார். அப்ராஸ் காக்கா கட்டாரில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்துவிட்டு வந்தவர். இப்போது அறுகம்பையில் கூட்டாளியோடு சேர்ந்து வெள்ளைக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிறார். ஒருநாள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு ஜேர்மன் தம்பதிக்கு முன்னால் நிறுத்தினார். நான் அவர்களுடைய ஊர்ப்பெயரைக் கேட்டு, அது சிலாவியப் பெயர், எண்ணூறு வருசத்துக்கு முந்தி இப்படி ஒலித்திருக்கும் என்று சொன்னேன். அந்த மனுசன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்று சொல்லும்படி கேட்டார். சுடுதண்ணீர்க் குழாய் பழுது என்று பதில் சொல்ல எனக்கு ஜேர்மன் சொல் தெரியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் காக்கா ரேடியோவைக் கூட்டி வைத்தார். அது கிண்டலை விட மோசமாக இருந்தது.

இதற்கிடையில் எனக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். காக்கா கலியாணம் முடித்தால் அவர் மனைவி வீட்டுக்குப் போவார். ராத்தாவுக்கு வளவின் தெற்குப் பக்கம் கட்டியாயிற்று, எனக்கு வடக்குப் பக்கம். சம்மாந்துறையிலிருந்து ஒரு இடம் என்னைப் பெண் கேட்டு வந்திருந்தது. முடிவாக ஒன்றும் இல்லை. ஆனால் வீடு எழும்பினால் கதையும் தானாக எழும்பும். வாப்பாவுக்குச் சந்தையில் ஹாட்வெயர் கடை இருந்ததால் சீமெந்துக்கும் கம்பிக்கும் குறைவில்லை. காலையில் நான் பழைய பத்திரங்களில் இருந்து எடுத்த பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்க உட்காருவேன். அதே நேரத்தில் ஹமீட் மேசன் கம்பி வெட்டும் மெஷினைப் போடுவார். உயிரெழுத்தின் நீளத்தைக் காதால் பிடிக்க வேண்டிய இடத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் கம்பி அழும் சத்தம். உம்மாவிடம் முறையிட்டால், எல்லாம் ஒனக்குத்தானே கட்டுறாங்க என்பார். அதற்கு மேல் அங்கே பேச எதுவும் இல்லை.

நான் போக ஆசைப்படுகிறேன் என்று சொன்னதற்கு வாப்பாவின் பதில், கட்டும் வீட்டின் படத்தில் ஒரு அறையைக் கூட்டியதுதான். வாசிப்பு அறை. புத்தகத்துக்கு இறாக்கை, வைபை, ஏசி. மேசையில் படத்தை விரித்து, பென்சிலால் அந்தச் சதுரத்தைத் தட்டிக் காட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து என்னால் கோபப்படக்கூட முடியவில்லை. அன்றைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது அதற்காகத்தான்.

வாப்பா பிடிவாதக்காரர் என்று ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அவர் பிடிவாதம் ஒரே ஒரு விசயத்தில்தான். பார்க்காத இடத்தை நம்பமாட்டார். நற்பிட்டிமுனையில் வயல் வாங்கும்போது மாரியில் போய்ப் பார்த்தார், கோடையிலும் போனார். இரண்டு தரமும் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றார். தரகர் ஒருவர், ஹாஜியாருக்கு எதற்குச் சிரமம் என்று, இன்னொரு காணியை மேலிருந்து எடுத்த வீடியோவைப் போனில் கொண்டுவந்தார். வாப்பா முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்.

“இதில கால் புதையுமாடா?” என்று கேட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பதில் எங்கள் தெருவில் கொஞ்சக் காலம் பேச்சாக இருந்தது. நானும் சிரித்தேன். என் விசயத்தில் அது எந்தப் பக்கம் சாயும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். செலவு அவர்களே பார்ப்பார்கள், பேராசிரியர் விரும்பினால். வீடியோவில் நேர்முகத் தேர்வு என்று மெயில் வந்தது. வெள்ளிக்கிழமை, அவர்களுக்குக் காலை, எங்களுக்கு ஜும்ஆ முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம். நான் வாப்பாவிடம் ஓடினேன். அவர் முகம் மாறியது. அதே வெள்ளி, அதே நேரத்துக்கு என் வீட்டுக்கு நிலை வைக்க ஏற்பாடாகியிருந்தது. பள்ளிவாசலிலிருந்து ஓத வரும் லெப்பைக்குச் சொல்லியாயிற்று, சொந்தக்காரருக்குச் சொல்லியாயிற்று. வாசலில் கதவு நிலையைத் தூக்கி நிறுத்தும்போது, வீட்டுக்குரிய பெண் அதில் கை வைத்துப் பிடிக்க வேண்டும். ராத்தாவும் பிடித்தாள், உம்மாவும் ஒரு காலத்தில் பிடித்தார்.

நாளை மாற்றச் சொன்னேன். லெப்பைக்கு மற்ற வெள்ளிகளில் நேரம் இல்லை என்றார்கள். பேராசிரியரிடம் மாற்றிக் கேட்கச் சொன்னார்கள். மற்ற மாணவர்கள் வரிசையில் இருக்கும்போது அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில், நான் பேசி முடித்துவிட்டு வரும் வரைக்கும் நிலை காத்திருக்கும் என்று உம்மா தீர்த்து வைத்தார். யாரும் அறைக்குள் வரக் கூடாது என்று நான் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். எல்லாரும் ஓம் என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. எங்கள் வீடுகளில் வெளிநாட்டிலிருந்து கோல் வந்தால் போன் ஒரு கையில் நிற்காது. கட்டாரிலிருந்து மாமா பேசினால் அடுப்படி தொடங்கி வாசல் வரை எல்லாரும் முகத்தைக் காட்டி சலாம் சொல்வார்கள். வீட்டில் இருந்துகொண்டே சலாம் சொல்லாமல் விட்டால் அது மனத்தாங்கல். அந்த வழக்கத்துக்கு முன்னால் என் வேண்டுகோள் யாருக்கும் ஞாபகத்தில் இருக்கவில்லை. என் வாப்பா வீட்டில் இருக்க, அவருடைய மகளோடு வெளியூர்ப் பெரிய மனுசி ஒருவர் பேசிவிட்டு, வீட்டு ஆளை விசாரிக்காமல் போவதா?

வெள்ளிக்கிழமை உம்மாவின் அறையில், தையல் மெஷின் மேசையில் லப்டொப்பை வைத்தேன். ஜன்னலில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டேன். கம்பி வெட்டும் மெஷின் ஓய்ந்திருந்தது. பதிலுக்கு வெளியே சீமெந்து குழைக்கும் சத்தம், பிள்ளைகளின் சத்தம், பாற்சோற்றுத் தட்டுகளின் சத்தம். திரையில் பேராசிரியர் கிர்ஸ்டன் வந்தார். குட்டையாக வெட்டிய நரைத்த தலைமுடி. பின்னால் சுவரில் சைக்கிள் ஓட்டும்போது போடும் ஒரு மழைச் சட்டை தொங்கியது. இங்கிலிஷில் பேசினோம். என்னைப் பற்றிக் கேட்கவே இல்லை, நேராக ஒரு பழைய பத்திரத்தின் படத்தைத் திரையில் போட்டார்.

லத்தீனில் எழுதிய மடாலயப் பத்திரம். ஒரு பிரபு, ரதோவிட்சி என்ற ஊரை மடாலயத்துக்குக் கொடுக்கிறார். அந்த ஊர் வருசாவருசம் மடாலயத்துக்கு விலாங்கு மீன் கொடுக்க வேண்டும். இன்றைக்கு அந்தப் பெயரில் ஊர் இல்லை. பேராசிரியர் ஒரு வரைபடத்தைப் போட்டார். இன்றைய ஊர்களில் இது எது? காரணத்தோடு சொல்லுங்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பூத்தது. இது நான் பழகிய வேலை. ஓவிட்சி என்று முடியும் பழைய பெயர்கள் ஜேர்மன் வாயில் விட்ஸ் என்று முடியும். ஜேர்மன்காரர் சொல்லின் தலையை அழுத்துவதால் நடு உயிர் தேயும். ஒவ்வொரு படியாக இறங்கி வந்தேன். வரைபடத்தில் ராட்விட்ஸ் என்று ஒரு ஊர் இருந்தது. ஒழுங்கு ஒரு எழுத்தும் பிசகாமல் அங்கே கொண்டுபோய் விட்டது. ஆற்றுப் பக்கம் ராட்ஸ் என்று இன்னொரு சின்ன ஊர் இருந்தது, அது மிகவும் தேய்ந்திருந்தது, நடு முழுவதையும் காணவில்லை. அதை ஒதுக்கினேன். ராட்விட்ஸ் என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாகக் கேட்டது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். பேச வாயெடுத்தார்.

கதவு திறந்தது.

வாப்பா புது சாரனும் வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியுமாக வந்தார், ஜும்ஆவிலிருந்து அப்படியே. பின்னால் உம்மா, காக்கா. கதவடியில் கையெல்லாம் சீமெந்தோடு ஹமீட் மேசன், அவருக்கும் சலாம் சொல்ல வேண்டுமாம். நான் கையைக் காட்டித் தடுப்பதற்குள் வாப்பா திரைக்கு முன்னால் குனிந்து சலாம் சொல்லி, சாப்பிட்டாச்சா என்று கேட்கும்படி என்னிடம் சொன்னார். கேட்டேன். காலையில் பாண் சாப்பிட்டதாகப் பேராசிரியர் சொன்னார். வெறும் பாணா என்று உம்மா கவலைப்பட்டார். என் காது இரண்டும் சுட்டன.

அதோடு போயிருந்தால் தப்பியிருப்பேன். வாப்பா ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“இவங்களிட்ட ஒண்டு கேக்கணும். அந்தப் பாஷைக்காரர் ஆரும் இப்ப இல்லதானே. அப்ப இவள் அங்க வந்துதான் படிக்கணுமா, இஞ்ச இரிந்து படிக்கேலாதா? அப்பிடியே கேளு.”

ஒரு கணம் வேறு எதையாவது கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். எத்தனை மாணவர்கள் என்றோ, குளிர் எப்படி என்றோ. பக்கத்தில் காக்கா நின்றார், அவருக்கு என்னைவிட நல்ல இங்கிலிஷ். ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. மொழி தெரியாத அந்த மடாலயத்து எழுத்தர்கள் காதில் விழுந்ததை மாற்றாமல் எழுதியதால்தான் எனக்குப் படிக்க ஒரு படிப்பே இருக்கிறது. நான் மாற்றாமல் கேட்டேன்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். பத்திரங்கள் எல்லாம் இப்போது படமாக இணையத்தில் இருக்கின்றன, விரிவுரையைத் திரையில் கேட்கலாம், குடும்ப நிலைமை உள்ளவர்களுக்கு முதல் வருசத்தை வீட்டிலிருந்து படிக்க ஒரு ஒழுங்கு உண்டு, உங்கள் மகளும் அப்படிச் செய்யலாம் என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் காக்கா சொல்லிவிட்டார். வீட்டில இரிந்தே படிக்கலாமாம். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். கதவடியில் ஹமீட், நல்லதாப் போச்சி, வாசிப்பு அறைத் தரைக்கு நல்ல ஓடாப் போடுவம் என்றார். வாப்பா என் தலையில் கை வைத்தார். அத்தனை வருசமும் நான் வளர்த்த வெள்ளைப் பட்டை மரங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அவற்றை வெட்டியவர் நான் நம்பியிருந்த மனுசி. நல்லெண்ணத்தோடு, புன்னகையோடு.

கொஞ்சம் பொறுங்கள், இவளுடைய விடையைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை என்றார் பேராசிரியர். வாப்பா எழும்பப் போனவர் திரும்ப உட்கார்ந்தார்.

விடை பிழை.

ராட்விட்ஸ் ஒரு மணல் மேட்டின் மேல் இருக்கிறது என்றார். சுற்றிப் பைன் மரம். ஒரு வாத்து கால் நனைக்கக்கூட அங்கே தண்ணீர் கிடையாது, விலாங்கு எங்கிருந்து வரும்? பத்திரத்து ஊர் ஆற்றங்கரையில் இருக்கும் ராட்ஸ்தான். அந்த ஊர்க்காரர்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களையும் அப்படித்தான் நடுவை விழுங்கிப் பேசுகிறார்கள். அது அவர்களுடைய ஒழுங்கு, புத்தகத்தில் இல்லாத ஒழுங்கு. வரைபடத்தை வைத்துக்கொண்டு நானும் பல வருசம் உன்னுடைய விடையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சைக்கிளில் அங்கே போகும் வரைக்கும் என்றார்.

காக்கா விலாங்கு என்ற சொல்லில் தடுமாறினார், பிறகு பாம்பு மாதிரி மீன் என்று சமாளித்தார். நான் எதையும் கேட்கவில்லை. படித்ததில் ஒன்றும் பிசகவில்லை, ஆனாலும் பிழை விட்டுவிட்டேன். அதுவும் இத்தனை பேருக்கு முன்னால்.

வாப்பா என் தோளைத் தொட்டார்.

“அந்த மேட்டு ஊருக்கு மாரியில போனவவா கோடையில போனவவா எண்டு கேளு.”

எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டேன். பேராசிரியர் முதல்முறையாக என்னை விட்டுவிட்டு வாப்பாவைப் பார்த்தார். இரண்டிலும் போனேன் என்றார். கோடையில் போனபோது கிணற்றில் தண்ணீர் இல்லை. மழையில் போனேன், பெய்ததை எல்லாம் மணல் குடித்துவிட்டது. பனியிலும் ஒருக்கா போய்ச் சைக்கிள் புதைந்து, தள்ளிக்கொண்டு வந்தேன்.

காக்கா சொல்லச் சொல்ல வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். அவர் அப்படித் தலையாட்டுவதை நான் வயல் வரம்புகளில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் சில ஆட்களிடம் மட்டும்.

பேராசிரியர் முடித்துக்கொண்டார். சரியான முறையில் பிழை விட்டாய், எனக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்றார். முறையான கடிதம் பிறகு வரும், அடுத்த கிழமைக்குள் இங்கே வருகிறாயா வீட்டிலிருந்து படிக்கிறாயா என்று மட்டும் எழுது என்றார். திரை அணைந்தது. கிடைத்துவிட்டது. சந்தோசப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வீட்டிலிருந்து என்ற சொல் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டிருந்தது.

வெளியே வெயில். முதிரைப் பலகையில் செய்த நிலை தென்னையில் சாய்ந்து நின்றது. லெப்பை நிழலில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழைச்ச சீமெந்து இறுகுது முதலாளி என்று ஹமீட் குரல் கொடுத்தார். இரண்டு பேர் நிலையைத் தூக்கி வாசலில் நிறுத்தினார்கள். நான் போய் ஒரு பக்கத்தில் கை வைத்தேன். கீழே பூசிய சாந்து என் விரலில் ஒட்டியது. லெப்பை எழும்பி வந்தார். வாப்பா பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும், அதுதான் வழமை. அவர் சொல்லவில்லை. நிலையின் மறுபக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

“படிச்சதெல்லாம் சரியா இரிந்திச்சாம். மறுகா விடை ஏன் பிழைச்ச?”

“போய்ப் பார்க்கல்ல வாப்பா.”

காக்கா இடையில் விழுந்தார். இப்போதெல்லாம் மேலிருந்து தெருத் தெருவாகப் பார்க்கலாம், போனிலேயே காட்டுகிறேன் என்று எடுக்கப் போனார்.

“அதில கால் புதையுமாடா?” என்றார் வாப்பா, திரும்பிப் பார்க்காமல்.

எனக்குப் பிடிபட்டது.

“ஆரோட கதைக்கப் போறாய் எண்டு கேட்டீங்களே வாப்பா. அந்த ஆத்தங்கரை ஊர்ச் சனத்தோட. அவங்கட ஊர்ப்பேர அவங்கட வாயால கேக்கணும்.”

லெப்பை தொண்டையைச் செருமினார். தட்டோடு வந்த உம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்து, சம்மாந்துறை ஆட்களுக்கு என்ன சொல்வது என்று மெதுவாகக் கேட்டார்.

“நிலை வச்சாச்சி, மத்தது பொறகு எண்டு செல்லு,” என்றார் வாப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். “வாறன் எண்டு அந்த அம்மாவுக்கு எழுது.”

எனக்கு மூச்சு வந்தது. இந்த நொடியை நான் எத்தனையோ தரம் கற்பனை செய்திருந்தேன்.

“ரெண்டு பேர் எண்டு எழுது,” என்றார்.

“ரெண்டு பேரா?”

“நான் பார்க்காம ஒன்ன எங்க விட்டிரிக்கன்? அந்த ஊருக்கும் வருவன், அந்த மேட்டுக்கும் வருவன். நிண்டு பார்ப்பன். சரியெண்டா ஒன்ன விட்டிட்டு நான் வந்திருவன். சரியில்லயெண்டா ரெண்டு பேரும் வருவம்.”

மற்ற பிள்ளைகள் தனியாகத்தான் வருவார்கள் என்றேன். அது வயல் இல்லை, பல்கலைக்கழகம் என்றேன். விசா, கடை, சுகம், குளிர், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அந்த ஓம் எதையும் ஒத்துக்கொள்ளும் ஓம் இல்லை. உம்மா வாப்பாவின் குளிர்ச் சட்டையைப் பற்றி ராத்தாவிடம் பேசத் தொடங்கிவிட்டார். நுவரெலியாவுக்குப் போனபோது வாங்கியது எங்கேயோ இருக்க வேண்டுமாம்.

ரயில் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு போகும் பெண்ணை நினைத்தேன். இத்தனை வருசமும் அவளுக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாகத்தான் இருந்தது. இப்போது அதில் தொப்பியோடு ஒருவர் உட்கார்ந்து, வெளியே ஓடும் நிலத்தைக் காட்டி, இது என்ன மண், தண்ணி எங்கால வருது என்று அந்த ரயிலில் உள்ள எல்லாரிடமும் கேட்கச் சொல்லி என்னை இடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. என்ன அழுகை என்று எனக்கே தெரியவில்லை.

வாப்பா பிஸ்மில்லாஹ் சொன்னார். லெப்பை ஓதத் தொடங்கினார்.

“இறுக்கிப் புடி தங்கச்சி,” என்றார் ஹமீட். “நிலை ஒம் பக்கந்தான் சரியுது.”

நான் பிடித்தேன்.